ஆறு தேவைக்கு ஒரு கேமரா: முதலில் மச்சான் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள்

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த அளவில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டு பதில் எழுதினால் வீணாகப் போவது உங்கள் ஒரு லட்சம். மதுரையில் இருக்கிறீர்கள், இதுவரை போனில்தான் படம் எடுத்திருக்கிறீர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவது, மகளின் பள்ளி விளையாட்டு விழா, அவள் ஆடும் ஆண்டு விழாவின் வீடியோ, வீட்டுக் காதுகுத்து கல்யாணங்கள், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள், வருடத்துக்கு ஒரு பயணம், ஆக ஆறு தேவை. பட்ஜெட் ஒரு லட்சம், கொஞ்சம் முன்னே பின்னே. ஃபுல் ஃபிரேம் வேண்டுமா, எத்தனை மெகாபிக்சல் வேண்டும், கேனானா நிக்கானா சோனியா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மச்சான் வீட்டு பீரோவில் 55-250 என்று எழுதிய கேனான் லென்ஸ் ஒன்று வருடக்கணக்கில் சும்மா கிடக்கிறது, அது எதற்காவது ஆகுமா என்று. எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. அதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

ஆறு தேவை என்று பட்டியல் போட்டதும் ஆறையும் செய்கிற ஒரு கேமரா எது என்று தேடத் தோன்றும். எல்லோரும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம், நானும் மாட்டியிருக்கிறேன். ஆனால் கேமராவுக்குக் காதுகுத்தும் தெரியாது, திருவிழாவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டுதான்: வெளிச்சம் எவ்வளவு, தூரம் எவ்வளவு. ஆள் அசைகிறாரா என்பதும் கடைசியில் வெளிச்சக் கணக்கில்தான் போய் விழும், ஏனென்றால் அசைவை உறைய வைக்க ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும், கூட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். இப்போது உங்கள் பட்டியலை இந்த இரண்டு கேள்வியில் போட்டுப் பாருங்கள். பயணம் பகல் வெளிச்சம், பக்கத்துத் தூரம். எந்தக் கேமராவும் எடுக்கும், உங்கள் போனும் எடுக்கும். விளையாட்டு விழா நல்ல வெயில், ஆனால் தூரம். பறவையும் அதே. அழகரும் கல்யாண மண்டபமும் வெளிச்சம் குறைவு, தூரம் அவ்வளவு இல்லை. ஆண்டு விழா மட்டும் இரண்டும் சேர்ந்த தொல்லை, மேடை தூரத்தில் இருக்கும், அரங்கம் இருட்டாக இருக்கும். ஆறு தேவை இப்போது இரண்டரைத் தேவை ஆகிவிட்டது பாருங்கள், இந்த இரண்டரையையும் தீர்ப்பது பெரும்பாலும் லென்ஸ்தான்.

வெளிச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அழகர் தங்கக் குதிரையில் ஆற்றுக்குள் வரும்போது இன்னும் சரியாக விடிந்திருக்காது. போனில் இரவு மோடு என்று ஒன்று இருக்கிறதே, அது அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகத் தைத்துக் கொடுக்கிறது. நிற்கிற கட்டடத்துக்கு அது அருமை, ஆனால் குதிரை ஆடி ஆடி வரும், கூட்டம் அலைமோதும், தைத்த இடமெல்லாம் இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் போன வருடப் படங்களில் அழகருடைய முகம் மெழுகு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, நல்ல கேமரா ஒன்றை வாங்கி, அதோடு வரும் கிட் லென்ஸை மாட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று வையுங்கள். அந்த லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அதன் திறப்பு எஃப் 6.3-க்குச் சுருங்கிவிடும், எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சின்னதாகும். அசைவு இழுக்காமல் இருக்க 1/125 வினாடி வைத்தால் அந்த இருட்டில் ஐஎஸ்ஓ, அதாவது கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக் காட்டும் அளவு, 12,800 வரை ஏற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம், படம் முழுக்க மணல் தூவின மாதிரி வரும். இப்போது அதே கேமராவில் எஃப் 1.8 திறப்புள்ள 50 மில்லிமீட்டர் பிரைம் லென்ஸை மாட்டுங்கள். 6.3-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 12 சொச்சம் வரும். பன்னிரண்டு மடங்கு வெளிச்சம்! ஐஎஸ்ஓ 12,800 கேட்ட இடத்தில் ஆயிரத்துச் சொச்சமே போதும். ஜூம் இல்லாத, 160 கிராம் எடையுள்ள, பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும் லென்ஸ் அது, கேனானின் லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று.

இதையே ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிடுங்கள். படம் விழுகிற தகடுதான் சென்சார், ஃபுல் ஃபிரேமில் அது 36க்கு 24 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி என்கிற அடுத்த அளவு நிக்கான், சோனி, ஃபியூஜியில் 23.5க்கு 15.6, கேனானில் 22.3க்கு 14.9. பரப்பைக் கணக்குப் போட்டால் ஃபுல் ஃபிரேமில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, அதாவது இருட்டில் கிடைக்கிற ஆதாயம் அவ்வளவுதான். பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு மட்டும் லட்சத்தை இறைத்து இரண்டரை மடங்கு வாங்குவதா, சின்ன லென்ஸில் பன்னிரண்டு மடங்கு வாங்குவதா? இரண்டையும் சேர்த்து வாங்குகிறவர்கள் கல்யாணம் எடுத்துச் சம்பாதிக்கிறவர்கள், அவர்களுக்கு அது முதலீடு. உங்கள் பட்ஜெட்டில் 2019-இல் வந்த கேனான் ஆர்பி மாதிரி பழைய ஃபுல் ஃபிரேம் பாடி கிடைக்கலாம், கடைக்காரர் அதையே காட்டி ஆசை காட்டவும் செய்வார். வேண்டாம் என்பேன். பாடி வாங்கியதும் கை காலியாகிவிடும், அப்புறம் பறவைக்கு லென்ஸ் வாங்க இரண்டு வருடம் சீட்டுக் கட்ட வேண்டியதுதான். மச்சானுடைய 55-250 ஏபிஎஸ்-சிக்காகச் செய்த லென்ஸ், அதை ஆர்பியில் மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும்தான் கேமரா எடுத்துக்கொள்ளும், 26 மெகாபிக்சல் 10 மெகாபிக்சலாகச் சுருங்கிவிடும்.

மெகாபிக்சல் கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தில் 12க்கு 36 அங்குல விரிப்பு வருகிறதே, அதில் ஒரு பக்கம் 12க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு வைத்தாலும் 5400க்கு 3600, ஏறக்குறைய 19.4 மெகாபிக்சல். லென்ஸ் மாற்றுகிற கேமராக்களில் இன்று பெரும்பாலும் 20-க்குக் குறையாது. நீங்களோ பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பப் போகிறீர்கள். அடுத்த கேள்விக்குப் போவோம்.

தூரம். இதில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம், ஏனென்றால் பெட்டியில் 60எக்ஸ், 125எக்ஸ் என்று பெரிதாக எழுதியிருக்கும். எக்ஸ் என்பது அந்த லென்ஸின் பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தது, அவ்வளவுதான். எவ்வளவு தூரம் எட்டும் என்று அது சொல்லாது. நான் சொல்கிற கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் நிற்கும் தூரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு, சென்சாரின் அகலத்தால் பெருக்கி, லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் விழும் என்று வந்துவிடும். வேட்டங்குடியில் கரையில் நிற்கிறீர்கள், நத்தைகுத்தி நாரை 30 மீட்டர் தள்ளி மரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். கேனான் ஏபிஎஸ்-சியில் 250 மில்லிமீட்டர் என்றால் 30 பெருக்கல் 22.3 வகுத்தல் 250, அதாவது 2.7 மீட்டர். நாரை 70 சென்டிமீட்டர் என்றால் படத்தில் நாலில் ஒரு பங்கு, வெட்டி எடுத்தால் நல்ல படம். 400 மில்லிமீட்டர் என்றால் 1.7 மீட்டர் அகலம், நாரை படத்தை நிரப்பத் தொடங்கிவிடும். போனின் முதன்மைக் கேமராவில் அதே இடத்திலிருந்து ஏறக்குறைய 40 மீட்டர் அகலம் விழும், நாரை எங்கே என்று தேட வேண்டும். பள்ளி மைதானத்துக்கும் இதே கணக்குதான்: ஓடுபாதை 40 மீட்டர் தள்ளி இருந்தாலும் 250-இல் மூன்றரை மீட்டர் அகலம் கிடைக்கும், மகளும் பக்கத்துத் தடத்தில் ஓடுகிற பிள்ளையும் சேர்ந்து வருவார்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஆக 250 உங்களுக்குப் போதும். வேட்டங்குடியில் பெரிய பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டுகிற இடம், ஊர்க்காரர்கள் அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள், பறவையும் அவ்வளவாக மிரளுவதில்லை. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் போனீர்கள் என்றால் இன்னும் வசதி, ஊருக்குள்ளே வீட்டு மரங்களிலேயே நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும், சில இடத்தில் 250 கூட அதிகம். காட்டுக்குள் போய்ச் சின்னக் குருவி எடுக்க வேண்டும் என்ற ஆசை பின்னால் வந்தால் அப்போது 400, 600 என்று யோசிக்கலாம். அந்த ஆசை வந்தால் பட்ஜெட் பேச்சே மாறிவிடும், வீட்டில் நடக்கும் பேச்சும் மாறிவிடும்.

லென்ஸ் மாற்றுகிற தொல்லையே வேண்டாம், ஒரே கேமராவில் எல்லா ஜூமும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நிக்கான் பி1000 என்று 2018-இல் வந்தது, அதன் ஜூம் ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 முதல் 3000 மில்லிமீட்டர் வரை போகும், நிலாவை முற்றத்துக்கே கொண்டுவந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், ஃபுல் ஃபிரேமின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. வெயிலில் பறவைக்குச் சரி, அழகருக்கு ஆகாது. நான் பல வருடம் முன்னால் இதே மாதிரி நீள ஜூம் கேமரா ஒன்றை வாங்கினேன், வேறு கம்பெனி, பெயர் வேண்டாம். முதல் வாரம் நிலா, இரண்டாவது வாரமும் நிலா. அக்கா மகள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தது, மேளம் நின்ற பிறகு மாட்டியது. மாப்பிள்ளை இன்றைக்கும் கேட்கிறார், அந்தப் படம் எங்கே என்று. ஒரு அங்குல சென்சார் என்று சொல்லப்படும் இடைப்பட்ட ரகம் உண்டு, அதில் சோனி ஆர்எக்ஸ்10-இன் நான்காவது பதிப்பு உண்மையிலேயே நல்ல கேமரா, 24-600 ஜூமும் எஃப் 2.4-இல் தொடங்கும் திறப்பும் ஒரே கட்டையில். ஆனால் 2017-இல் வந்தது, எடை ஒரு கிலோவுக்கு மேல், விலையும் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிப் போகும்.

அடுத்து, பழைய டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த பழைய ரகக் கேமரா, வாங்கலாமா என்ற கேள்வி. நண்பர் ஒருவர் செகண்ட்ஹேண்டில் நிக்கான் டி7500 தருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது நல்ல கேமரா. பேட்டரி நாள் முழுக்க நிற்கும், கைக்கு அடக்கமாக இருக்கும், அதற்கான பழைய லென்ஸ்களும் மலிவாகக் கிடைக்கும். பணம் நிஜமாகவே இடிக்கிறது என்றால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை, முதன்முதலாகக் கேமரா வாங்குகிறவர் முடிந்துபோன வரிசையில் போய் ஏற வேண்டுமா என்று யோசியுங்கள். அதைவிடப் பெரிய காரணம் ஃபோகஸ். அந்தக் கண்ணாடி இல்லாத புது ரகமான மிர்ரர்லெஸ்ஸில் கண்ணைக் கண்டுபிடித்து அதையே விடாமல் பிடித்துக்கொண்டு போகிறது, ஓடிவரும் பிள்ளையின் கண், பறவையின் கண் எல்லாம். பத்து வருடம் முன்னால் நாங்கள் மாதக்கணக்கில் பழகிப் பிடித்த விஷயம் அது. இன்று பெட்டியைப் பிரித்த அன்றே உங்களுக்குக் கிடைத்துவிடும், எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

இப்போது மச்சானின் லென்ஸுக்கு வருவோம். கேனானின் பழைய இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்களைப் புது ஆர் வரிசைக் கேமராவில் மாட்ட அடாப்டர் வளையம் ஒன்றைக் கேனானே விற்கிறது. நடுவில் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் வளையமும் மின்தொடர்பும்தான், ஆட்டோஃபோகஸும் நடுக்கம் தாங்கும் வசதியும் அப்படியே வேலை செய்யும். அதனால் 55-250 நல்ல நிலையில் இருந்தால் உங்கள் தூரப் பிரச்சினை அடாப்டர் விலையோடு முடிந்தது. எந்தப் பதிப்பு என்று மட்டும் பாருங்கள். லென்ஸின் மேல் எஸ்டிஎம் என்று எழுதியிருந்தால் 2013-இல் வந்தது, ஃபோகஸ் சத்தமில்லாமல் வேகமாக ஓடும், வீடியோவுக்கும் ஆகும். எஸ்டிஎம் இல்லாமல் வெறும் ஐஎஸ் அல்லது ஐஎஸ் 2 என்று இருந்தால் அதற்கு முந்தையது, மோட்டார் கிர்ர் என்று இரையும், வீடியோவில் அந்த இரைச்சலும் பதிவாகும், ஓடுகிற பிள்ளையைத் துரத்தவும் திணறும். உட்கார்ந்திருக்கும் நாரைக்கு அதுவும் போதும்.

ஆனால் பீரோவில் வருடக்கணக்கில் கிடந்தது என்று சொன்னீர்களே, அதுதான் எனக்குப் பயம். மூடின பீரோ, துணிகளுக்கு நடுவே, தோல் உறைக்குள் என்றால் பூஞ்சை பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பார்ப்பது சுலபம். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். அங்கங்கே தூசி தெரிந்தால் கவலைப்படாதீர்கள், எல்லா லென்ஸிலும் இருக்கும். சிலந்தி வலை மாதிரியோ மரத்தின் வேர் மாதிரியோ மெல்லிய இழைகள் ஓடினால் அது ஃபங்கஸ். ஓரத்தில் கொஞ்சமாக இருந்தால் படத்தில் தெரியாது, நடுவில் படர்ந்திருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது படம் புகை போட்ட மாதிரி வெளுக்கும். சுத்தம் செய்யக் கொடுக்கலாம், ஆனால் பூச்சைத் தின்றிருந்தால் தழும்பு போகாது, சில சமயம் கூலியே லென்ஸின் விலைக்கு வந்துவிடும். நானே ஒரு நல்ல லென்ஸை இப்படி இழந்திருக்கிறேன், பையில் போட்டு அலமாரியில் வைத்து ஒரு மழைக்காலம் முழுக்க மறந்துபோனேன், அவ்வளவுதான்.

இதையொட்டி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேமரா வாங்கின அன்றே காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் ஒரு பாக்கெட்டும், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டரும் வாங்கிவிடுங்கள். மீட்டரில் 40-க்கும் 50-க்கும் இடையே நின்றால் நல்லது. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் என்னைத் திட்ட வேண்டாம். எதுவும் செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள், சும்மா கிடக்கிற லென்ஸுக்குத்தான் பூஞ்சை சீக்கிரம் வரும்.

சரி, லென்ஸ் சுத்தமாக இருந்தால் என்ன வாங்குவது? கேனான் ஆர்10. 2022-இல் வந்தது, 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி, நொடிக்கு 15 படம் மெக்கானிக்கல் ஷட்டரில், பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 429 கிராம். கிட் லென்ஸான 18-45 சேர்த்து வாங்குங்கள், பயணத்துக்கும் குடும்பக் குழுப்படத்துக்கும் அது போதும். கூடவே அடாப்டரும், பழைய வரிசையின் இஎஃப் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸும். அடாப்டர் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்பதால் புது ஆர்எஃப் 50-க்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை, பழையதே செகண்ட்ஹேண்டில் நிறையக் கிடைக்கும், டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஆர்10-க்குப் பதிலாக அதன் தம்பி ஆர்50-ஐக் கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அதுவும் மோசமில்லை, படத்தின் தரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அதில் முழு மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது, தொடர்ந்து அழுத்தினால், சென்சார் பிடித்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் ஏழெட்டுப் படத்திலேயே மூச்சு வாங்கும். ஓட்டப் பந்தயத்தில் மகள் நாடாவைத் தொடுவது ஒன்பதாவது படமாகத்தான் இருக்கும், என் அனுபவம் அப்படி. ஜேபெக்கில் எடுத்தால் சமாளிக்கலாம். பணம் மிச்சமாவது முக்கியம் என்றால் ஆர்50 எடுங்கள், குறை சொல்ல மாட்டேன்.

லென்ஸில் பூஞ்சை படர்ந்திருந்தாலோ, மச்சான் தர யோசித்தாலோ, கேனான் பக்கம் போக உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அப்போது நிக்கான் இசட்50-2, 2024 நவம்பரில் அறிவித்தது, 16-50, 50-250 என்று இரண்டு லென்ஸோடு சேர்ந்த பெட்டியாக வரும். 20.9 மெகாபிக்சல்தான், ஆனால் பறவைக்கென்றே தனி ஃபோகஸ் மோடு உண்டு, மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் தனித்தனித் துளை உண்டு, அந்த 50-250 கிட் லென்ஸ்களில் நான் பார்த்த நல்லவற்றில் ஒன்று. பேட்டரிதான் சீக்கிரம் தீரும், கூடுதலாக ஒன்று கட்டாயம். பிரைமுக்கு நிக்கானின் 40 எஃப் 2 அடுத்த போனஸில் வாங்குங்கள். சோனியைக் கேட்டீர்கள், ஏ6400 இன்னும் ஓடுகிற குதிரைதான், ஆனால் 2019 மாடல், மெனு ஒரு காடு, தூர லென்ஸும் விலை கூட. ஃபியூஜி அழகு. உங்கள் பட்ஜெட்டில் பறவை லென்ஸோடு சேர்த்து அது கட்டாது.

எதை வாங்கினாலும் கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோக்காரர்களை நம்பி வந்த சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 போன்றவற்றில் அது கிடையாது, திரை மட்டும்தான். மதுரை வெயிலில் பகல் 11 மணிக்கு மைதானத்தில் நின்று அந்தத் திரையைப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

நடுக்கம் தாங்கும் வசதி பாடியிலேயே இருக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் சொன்ன இந்தக் கேமராக்கள் எதிலும் சென்சாரில் அது கிடையாது, ஜூம் லென்ஸில் இருக்கிறது. இருந்தால் நல்லதுதான், ஆனால் அது உங்கள் கை ஆடுவதைத்தான் தாங்கும், ஆடுகிற பெண்ணை நிறுத்தாது. போட்டோவில் 50 மில்லிமீட்டருக்கு 1/125-க்குக் கீழே போகாதீர்கள், அது போதும்.

ஆண்டு விழா வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுக் கேமராவோடு போய் ஏமாந்து வருகிற இடம் அது. நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பட்டை பட்டையாக ஓடாது. போட்டோவிலும் சத்தமில்லாத மின்னணு ஷட்டரை மண்டபத்தில் பயன்படுத்தினால் இதே பட்டை வரும், மெக்கானிக்கலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது ஒலி. கேமராவின் உள் மைக் பக்கத்து வரிசைத் தாத்தாவின் இருமலைத்தான் துல்லியமாகப் பிடிக்கும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு போனை வைத்துத் தனியாகப் பதிவு செய்து பின்னால் சேர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தூரமும் இருட்டும் சேர்ந்த இந்த ஒரு தேவைக்கு மட்டும் உங்கள் லட்சத்தில் முழுத் தீர்வு கிடையாது, 250-இல் எஃப் 5.6 தான் கிடைக்கும். பள்ளியில் பேசி மூன்றாவது வரிசைக்குள் இடம் பிடியுங்கள், 50 எஃப் 1.8 போட்டுக்கொள்ளுங்கள், மேடை முழுக்க வராது, ஆனால் மகள் தலை முதல் கால் வரை வருவாள்.

மெமரி கார்டு வி30 என்று எழுதியது, 64 ஜிபியில் இரண்டு. ஒரே பெரிய கார்டை நம்பாதீர்கள். கார்டில் போலி நிறைய, பில் கொடுக்கிற கடையில் வாங்குங்கள். கேமராவுக்கும் அதே. பில் இல்லாமல் பத்தாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து சும்மா வந்த சரக்கு, இங்கே வாரண்டி செல்லாது. முக்காலியைப் பற்றி இப்போதைக்கு மறந்துவிடுங்கள், கூட்டத்தில் ஊன்றவும் முடியாது, கோயில்களில் விடவும் மாட்டார்கள்.

அழகருக்குப் போகும்போது இரண்டு விஷயம். வீட்டிலிருந்தே 50-ஐ மாட்டிக்கொண்டு போங்கள், வைகை மணலில் நின்று லென்ஸ் மாற்றினால் சென்சாரில் மணல்தான் குடியேறும். 20 மீட்டரில் நின்றால் கேனானில் ஒன்பது மீட்டர் அகலம் கிடைக்கும், குதிரையும் தண்ணீரும் சுற்றி நிற்கிற கைகளும் சேர்ந்து வரும். துருத்தி வைத்துத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நாலா பக்கமும் இருப்பார்கள், ஆர்10 தண்ணீர் தாங்காது, துணிக்கடை பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினால் போதும், நான் அப்படித்தான் போவேன். மறக்காமல் ரா-வில் எடுங்கள். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்றுதான் ஊரே பார்க்கிறது, அங்கே அடிக்கிற விளக்கு வெளிச்சத்தில் ஜேபெக் பச்சையை மஞ்சளாக்கிவிடும், சிவப்பாக இருந்தால் மடிப்பே தெரியாமல் ஒரே கட்டியாக ஆக்கிவிடும். ரா-வில் இருந்தால் வீட்டுக்கு வந்து சரிசெய்யலாம்.

விலை நான் எழுதவில்லை, மாதாமாதம் மாறுகிறது, பண்டிகைக்குக் கேஷ்பேக் என்று குறைப்பார்கள். கடைக்குப் போவதற்கு முன்னால் மச்சான் வீட்டுக்குப் போய், டார்ச் அடித்துப் பார்த்து, லென்ஸின் மேல் எஸ்டிஎம் இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள். முடிந்தால் டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடியை ஒரு படமும் எடுத்துப் போடுங்கள், தூசியா ஃபங்கஸா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.